வலை ஈயமும் தூண்டில் குண்டும் நாமே வார்ப்பது: சுருக்கம், பொள்ளல், தெறிப்பு

வடகடல்காரன், தங்கச்சிமடம்:

நண்டு வலையின் அடிக்கயிற்றில் கோக்கிற ஈயமும், தென்கடலில் பார் (கடலடிப் பாறைத்திட்டு) ஓரம் கைத்தூண்டிலுக்குக் கட்டுகிற குண்டும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. கிழிந்த வலைகளில் இருந்து கழற்றிய பழைய ஈயம் 11 கிலோ கையில் இருக்கிறது. அதை உருக்கி ஊற்றிப் பார்த்ததில் பாதிதான் தேறியது. என்ன வைத்துச் செய்தேன் என்று எழுதுகிறேன், தவறு எங்கே என்று சொல்லுங்கள்.

அடுப்பு சீமைக்கருவேலங்கரி, கையால் சுற்றும் ஊதுவிசிறி. பாத்திரம் பழைய ஈயச்சட்டி. அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு பாதியாகச் செய்தது, இரண்டு நாள் நல்ல வெயிலில் காய்ந்தது. கயிறு போகும் துளைக்கு 6 மி.மீ. கம்பியை நடுவில் நிறுத்தி ஊற்றினேன்.

ஈயத்தின் மேல்தோல் சுருங்கிச் சுருங்கி வருகிறது. ஊற்றிய பக்கம் குழி விழுகிறது, அறுத்துப் பார்த்தால் உள்ளே பொள்ளல். கம்பியைப் பிடுங்கப் போனால் ஈயமே நசுங்குகிறது. அச்சு ஆறேழு வார்ப்பில் வெடித்துவிட்டது. இதையெல்லாம் விடப் பயம் தருவது வேறு: உருகிக்கொண்டிருந்த சட்டியில் இன்னும் கொஞ்சம் பழைய ஈயத்தைப் போட்டதும் பட்டென்று தெறித்தது.

கூடவே இரண்டு சந்தேகம். பழைய இரும்புக் கடையில் பேட்டரித் தகடும், டயர் கடையில் சக்கரத்தில் அடிக்கிற எடைக்கட்டியும் விலை குறைவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா? துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்களின் ஆங்கிலப் பக்கங்களில் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து, வார்த்ததைச் சுடச்சுடத் தண்ணீரில் போட்டுக் கடினமாக்கச் சொல்கிறார்கள். நமக்கும் அது வேண்டுமா?


வார்ப்படம், மண்டபம்:

அண்ணே, மற்றதெல்லாம் பிறகு. முதலில் அந்தச் சட்டியை ஒதுக்கி வையுங்கள். நம் ஊரில் ஈயச்சட்டி என்று சொல்வது அலுமினியத்தை. அது உருகுவது 660 டிகிரியில்தான் என்றாலும், அதற்கு வெகு முன்பே தளர்ந்துவிடும். கரியடுப்பில் ஊதுவிசிறியைச் சுற்றினால் கரி தொடும் இடத்தில் அந்தச் சூடு சுலபமாக ஏறிவிடும். உங்களிடம் இருக்கிற 11 கிலோவும் உருகினால் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வரும். 4 கிலோ என்பது வெறும் 375 மில்லி. கண்ணுக்குக் கொஞ்சமாகத் தெரிவதால் அதன் பாரம் மனதில் ஏறாது. அடி விட்டுப்போனால் அத்தனையும் காலில்தான் இறங்கும். கனமான இரும்புச் சட்டி, இல்லையென்றால் 4 மி.மீ. இரும்புத் தகட்டில் வெல்டிங் வைத்த கிண்ணம் போதும். துத்தநாகம் பூசிய வாளி கூடாது, பூச்சு ஈயத்தில் கரைந்துவிடும். பற்றுவைத்த தகர டப்பாவும் கூடாது, ஈயம் உருகும் முன்பே பற்று உருகிவிடும். எந்தச் சட்டியானாலும் ஒருமுறை ஈயம் உருக்கினால் அது மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. கரண்டிக்கும் இதே சட்டம்தான்.

தெறித்ததற்குக் காரணம் பழைய ஈயத்தின் துளை. கடலில் கிடந்த ஈயத்தில் துளைக்குள்ளும் வெடிப்புக்குள்ளும் உப்பு ஒட்டியிருக்கும். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். பகலில் வெயிலில் காய்ந்து வெள்ளையாகத் தெரிந்தாலும், ஒரு ராத்திரி வாடைக்காற்றில் கிடந்தால் மறுபடியும் நனைந்ததுதான். அந்த ஈரம் உருகிய ஈயத்துக்கு அடியில் மாட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் ஆவியாகி 1600 மடங்குக்கு மேல் விரிகிறது. மேலே விழுகிற வியர்வைத் துளி சீறிவிட்டுப் போய்விடும். உள்ளே அமுங்குகிற துளிதான் சட்டியில் இருப்பதை எல்லாம் முகத்தில் அள்ளி அடிக்கும்.

அதனால் பழைய ஈயத்தை நல்ல தண்ணீரில் இரண்டு தடவை ஊறவைத்து அலசுங்கள். கயிற்றுத் துண்டு, சிப்பி, பாசி எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு வெயிலில் போடுங்கள். பிறகு குளிர்ந்த சட்டியில் அடுக்கி, அதன் பிறகு அடுப்பு மூட்டுங்கள். சட்டியும் ஈயமும் சேர்ந்தே சூடானால் ஈரம் தானாக வெளியேறிவிடும். உருகிய ஈயத்தில் பழைய ஈயத்தைப் போடவே கூடாது. ஒரு சட்டி முடிந்து, ஆறி, அடுத்த சட்டி என்று போங்கள். இந்த முதல் உருக்கு சுத்தம் செய்வதற்கு மட்டும். இரும்பு ஆங்கிள் துண்டில் கட்டி கட்டியாக ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். வார்ப்பு வேலைக்கு அந்தக் கட்டிகளைத்தான் உருக்க வேண்டும்.

சுத்தம் செய்வது இப்படி: எல்லாம் உருகியதும் சுண்டைக்காய் அளவு மெழுகைப் போட்டு, நன்றாகக் காய்ந்த கருவேலங்குச்சியால் அடிவரை கிண்டுங்கள். புகை வரும், சில நேரம் தீப்பிடிக்கும், அதனால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குச்சியை விட்டால் அதில் உள்ள நீரே கொதித்துத் தெறிக்கும். முதலில் மேலே தெரிகிற சாம்பல் நிறத் தோல் முழுக்கக் குப்பையில்லை, பாதிக்கு மேல் ஈயம்தான். மெழுகு போட்டுக் கிண்டும்போது அது மறுபடி உள்ளே போய்விடும். அதன் பிறகும் மேலே நிற்கிற உலர்ந்த கறுப்புப் பொடிதான் கசடு. அதை மட்டும் துளைக்கரண்டியால் அள்ளி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். கடற்கரையிலோ குப்பைமேட்டிலோ கொட்டாதீர்கள். ஈயத்திலேயே அதிகக் கெடுதல் அந்தப் பொடிதான், காற்றில் பறக்கும்.

சூடு பற்றி. ஈயம் 327 டிகிரியில் உருகும். வார்க்க 370 முதல் 400 வரை போதும். 500-ஐ நெருங்கினால் புகையாக எழும்புவது கூடிக்கொண்டே போகும், கசடும் பெருகும். வெப்பமானி இல்லாவிட்டால் மேல்தோலைப் பாருங்கள். கிண்டி ஒதுக்கியதும் கண்ணாடி மாதிரி வெள்ளையாக நின்றால் சரி. உடனே மஞ்சள், ஊதா, நீலம் என்று நிறம் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. ஊதுவிசிறி உருகும் வரைக்கும்தான். உருகிய பிறகும் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் கரியடுப்பில் பலரும் செய்கிற தவறு. கேஸ் அடுப்பானால் தீயைக் குறைத்து ஒரே அளவில் நிறுத்த முடியும்.

துப்பாக்கிக்காரர்கள் சொல்வது அவர்கள் வேலைக்குச் சரி. பெரிய வாய் கைத்துப்பாக்கிக்கு 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி என்று கலப்பார்கள். குழலுக்குள் வேகமாகப் போகும்போது குண்டு மழுங்கி, குழலின் உள்வரிகளில் ஈயம் ஒட்டாமல் இருக்க அந்தக் கடினம் வேண்டும். கடினத்தைக் காட்டும் பிரினெல் அளவில் அந்தக் கலவை 15 வரும், சுத்த ஈயம் 5 தான். நமக்கு வேண்டியது அந்த 5. வலை ஈயத்தைக் கயிற்றில் தட்டி இறுக்குகிறோம். கடினமானது வெடிக்கும், மென்மையானது அமுங்கி உட்காரும். தண்ணீரில் போட்டால் கடினமாவதும் ஆன்டிமனி, ஆர்சனிக் கலந்த ஈயம்தான். சுத்த ஈயத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உருகிய ஈயத்துக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்த ஆபத்து மட்டும்தான் மிச்சம். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது சூட்டின் ஒழுங்கும் அச்சின் ஒழுங்கும்.


லேத்பட்டறை, ராமநாதபுரம்:

அச்சு பற்றி நான் எழுதுகிறேன்.

பிளாஸ்டர் வெயிலில் காய்வது மேலோட்டமான ஈரம் மட்டும். இறுகிய பிளாஸ்டருக்குள் நீர் அதன் உடம்போடு கட்டுண்டு இருக்கிறது. 100 டிகிரியைத் தாண்டினால்தான் அது விடத் தொடங்கும். 380 டிகிரி ஈயம் உள்ளே விழுந்ததும் சுவரிலிருந்து ஆவி கிளம்பி ஈயத்துக்குள் குமிழாக நிற்கிறது. உங்கள் பொள்ளலில் ஒரு பகுதி இதுதான். பிளாஸ்டரிலேயே செய்வதென்றால் மெல்லிய சூட்டில் தொடங்கி 200 டிகிரி வரை ஏற்றி, நாலைந்து மணி நேரம் வைக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க, சூடாக இருக்கும்போதே ஊற்றும் வாய்க்கு மேல் குளிர்ந்த முகம்பார்க்கும் கண்ணாடியைப் பிடியுங்கள். கண்ணாடி மங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது. அப்படிச் சுட்ட பிளாஸ்டர் பொடிந்து வலுக் குறைந்துவிடும். ஆகவே அது மாதிரி பார்க்க உதவும். நூற்றுக்கணக்கில் வார்க்க ஆகாது. கடற்கரை மணலில் அச்சுப் பதிப்பவர்களும் உண்டு, அது இன்னும் மோசம். எத்தனை காய்ந்தாலும் அந்த மணலில் உப்பு இருக்கிறது.

அலுமினியக் கட்டி இரண்டு வாங்கி லேத்தில் கொடுங்கள். 50 கிராம் உருளை ஈயத்துக்குக் கணக்கு: வெளி விட்டம் 14 மி.மீ., துளை 6 மி.மீ., நீளம் 35 மி.மீ. அளவு இதுவானால் எடை 50 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கும். எடையை மாற்ற நீளத்தை மட்டும் கூட்டிக் குறையுங்கள். இரண்டு கட்டிகளையும் சேர்த்துப் பிடித்து, சேரும் கோட்டின் மேலேயே துளைபோட்டால் பாதிக்குப் பாதி குழி சரியாக விழும். அதற்கு முன்பே குத்துப்பின் இரண்டு அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு வார்ப்பிலும் பாதிகள் நகர்ந்து ஈயத்துக்குப் படி விழும்.

ஊற்றும் வாய் அகலமாக, புனல் மாதிரி, குழியின் தடித்த பக்கத்தில் இருக்கட்டும். இது மிக முக்கியம். ஈயம் உறையும்போது கன அளவில் ஏறக்குறைய 3.5 சதவீதம் சுருங்குகிறது. அந்த இடத்தை எங்கிருந்தாவது நிரப்பியாக வேண்டும். வாய் சிறியதாக இருந்தால் அது முதலில் உறைந்து கதவை மூடிவிடும், உள்ளே குழி விழும். வாய் பெரியதாக இருந்தால் கடைசியில் உறையும், மேலிருக்கிற ஈயம் இறங்கி உள்ளே நிரப்பும். ஊற்றி முடித்ததும் கரண்டியை எடுத்துவிடாமல் இரண்டு நொடி அங்கேயே பிடியுங்கள். வாயில் இருக்கும் ஈயம் நடுவில் அமுங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்தக் குழியில் ஒரு சொட்டு விடுங்கள்.

காற்று போக வழி வேண்டும். கட்டியின் சேரும் முகத்தில், குழியின் உச்சியிலிருந்து வெளிவிளிம்பு வரை கத்தி முனையால் மெல்லிய கோடு நாலைந்து கீறுங்கள். முடி பருமனுக்கு மேல் போகாதீர்கள். அந்த இடுக்கில் காற்று போகும், ஈயம் நுழையாது.

கம்பி வராமல் போவதற்குக் காரணம் ஈயம் ஆறும்போது அதைக் கவ்விக்கொள்வது. கம்பி ஒரே பருமனாக இருக்கக் கூடாது. ஒரு முனை 6, மறுமுனை 5.7 என்று சரிவாகக் கடைந்து, மெருகு காகிதத்தால் நீளவாக்கில் தேயுங்கள். குறுக்கே தேய்த்த கோடு ஈயத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பியை நிறுத்த அச்சின் இரண்டு முனையிலும் பள்ளம் இருந்தால் துளை நடுவிலேயே விழும். உறைந்த சில நொடியிலேயே, முழுக்க ஆறும் முன்பு, கால் திருகு திருகித் தடித்த முனைப் பக்கமாக இழுக்க வேண்டும்.

கம்பிக்கும் குழிக்கும் கரிப்பூச்சு கொடுங்கள். கற்பூரத்தைக் கொளுத்தி, அந்தக் கறுப்புப் புகையில் மெல்லிய படலம் படியும் வரை காட்டினால் போதும். எண்ணெய் தடவாதீர்கள், எண்ணெய் பட்ட இடத்தில் சுருக்கம் விழும். வேலை முடிந்து அச்சை எடுத்து வைக்கும்போது துருவுக்குப் பயந்து கம்பிக்கு எண்ணெய் போடுவீர்கள். அடுத்த தடவை அதைச் சுத்தமாகத் துடைத்து, சூடுகாட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

மேல்தோல் சுருங்குவது அச்சு குளிர்ந்திருப்பதால். அச்சை அடுப்பு ஓரத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். அப்படியும் முதல் நாலைந்து வார்ப்பு சுருங்கித்தான் வரும், அவற்றை ஆறவிட்டு அடுத்த சட்டிக்கு ஒதுக்குங்கள். வாயில் இருக்கும் ஈயம் நாலைந்து நொடியில் உறைந்தால் அச்சு சரியான சூட்டில் இருக்கிறது. ஊற்றியவுடனே உறைந்தால் குளிர்ச்சி. பத்து நொடிக்கு மேல் பளபளப்பு மறையாமல் நின்று, வெளியே எடுத்தால் தோல் உப்புப் படிந்த மாதிரி வெளிறியிருந்தால் சூடு அதிகம். ஒரு நிமிடம் திறந்து வையுங்கள். ஈரத்துணியில் ஒற்றி ஆற்றாதீர்கள்.


கரைவலை_தொண்டி:

அச்சே இல்லாமலும் ஒரு வழி இருக்கு. வலைக்குத் தகடுச் சுருட்டுதான் எனக்குச் சரின்னு படுது. சமமான இரும்புப் பலகை மேல நாலு பக்கமும் 2 மி.மீ. பட்டை வச்சு, பலகையைச் சூடாக்கிட்டு ஈயத்தை ஊத்தி, இன்னொரு சூடான பட்டையால வழிச்சு விட்டா தகடு கிடைக்கும். 2 மி.மீ. தகட்டுல 35க்கு 63 மி.மீ. துண்டு வெட்டினா 50 கிராம். 4 மி.மீ. கயித்துல அது ரெண்டே கால் சுத்துக்குக் கொஞ்சம் மேல வரும். கட்டைச் சுத்தியலால மரப்பலகை மேல வச்சு உருட்டித் தட்டினா கயித்தைக் கவ்விக்கும். கயித்தை உருவாமலே பழைய வலையில நடுவுல ஒண்ணு சேர்க்கலாம், தேஞ்சதை எடுத்துடலாம். உருளை ஈயத்துல அது நடக்காது.

ஒரு கவனம். வெட்டின விளிம்புல பிசிறு இருக்கும், அது வலையோட தங்கூசியை (நைலான் இழையை) அறுக்கும். சுருட்டுறதுக்கு முன்னாடி அரத்தால ஒரு இழுப்பு. கடைசி விளிம்பு வலைக் கண்ணைப் பாக்காம கீழ்ப்பக்கம் இருக்கணும்.

எத்தனை ஈயம் வேணும்னு அடிக்கடி கேக்குறாங்க. மத்தவங்க வலையைப் பாத்து எண்ணாதீங்க, மிதப்புக்கு மிதப்பு மாறும். ஒரு பெரிய அண்டாவுல கடல் தண்ணி எடுத்து, உங்க மேல்கயித்துல ஒரு மீட்டருக்கு எத்தனை மிதப்பு வருதோ அத்தனையையும் ஒண்ணாக் கட்டி உள்ள விடுங்க. ஒவ்வொரு ஈயமாத் தொங்கவிட்டு, எத்தனையில அது அமுங்குதுன்னு பாருங்க. தரையில நிக்கிற வலைக்கு அதைப்போல ரெண்டு மடங்காவது வச்சுத் தொடங்கி, நீவாடு (நீரோட்டம்) இழுக்குற இடமானா கூட்டிக்கலாம். எடை ஒண்ணுக்கொண்ணு மாறாம இருக்கிறது மொத்த எடையைவிட முக்கியம். 50 கிராமுக்கு 2 கிராம் முன்னபின்ன வரைக்கும் வச்சுக்கங்க, அதுக்கு மேல மாறினதைத் திரும்ப உருக்குங்க. லேசான ஈயம் நாலு சேந்தாப்புல வந்த இடத்துல அடிக்கயிறு தூக்கும், நண்டு அந்த இடைவெளியிலதான் போகும்.

பேட்டரித் தகடு விலை குறைவுதான். கழுவிட்டு உருக்கினா ஆகாதா? வார்ப்படம் அண்ணன் அதைப் பத்தி எழுதலையே.


வார்ப்படம், மண்டபம்:

வேண்டவே வேண்டாம் அண்ணே, கழுவினாலும் வேண்டாம். பேட்டரித் தகட்டில் ஈயம் என்று பார்ப்பதில் பெரும்பகுதி உலோகமே இல்லை. ஈய சல்பேட்டும் ஈய ஆக்சைடும் கலந்த பசை. அது சாதாரண அடுப்பில் ஈயமாக மாறாது, கசடாகத்தான் நிற்கும். கிலோக் கணக்குப் போட்டால் கையில் நிற்கிற ஈயம் குறைவு. அதனால் விலை மலிவு என்பதே பொய்க் கணக்கு. அதோடு அமிலம் ஊறிய தகடு, தூசி, புகை. பழைய தகடுகளில் ஆன்டிமனி, ஆர்சனிக் இருக்கும். புதிய பராமரிப்பில்லாத பேட்டரிகளில் கால்சியம். இவை கலந்த கசடு ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற நச்சு வாயுக்கள் கிளம்பக்கூடும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இந்தியாவில் பழைய பேட்டரி பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்குப் போக வேண்டும் என்பதுதான் 2022 பேட்டரிக் கழிவு விதியும். கொல்லைப்புறத்தில் உடைப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

சக்கர எடைக்கட்டி வேறு விஷயம். அதில் ஈயம், இரும்பு, துத்தநாகம் மூன்றும் கலந்து வரும். மாட்டுகிற கிளிப்பை விட்டுக் கட்டியிலேயே காந்தம் ஒட்டினால் இரும்பு. மிச்சத்தைச் சிமெண்ட் தரையில் போட்டால் துத்தநாகம் கணீரென்னும், ஈயம் தொப்பென்று விழும். நகத்தால் கீறினால் ஈயத்தில் கோடு விழும். சந்தேகமானால் கழிவறை கழுவும் அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். துத்தநாகம் நுரைக்கும், ஈயம் சும்மா இருக்கும். சோதித்த கட்டியைக் கழுவிக் காயவைக்க மறக்காதீர்கள்.

தப்பி ஒன்று உள்ளே போனாலும், சூட்டை 400-க்குள் வைத்திருந்தால் துத்தநாகம் உருகாமல் மேலே மிதக்கும், அதன் உருகுநிலை 419. உடனே அள்ளிவிடுங்கள், விட்டுவைத்தால் மெல்லக் கரையும். கரைந்துவிட்டால் ஈயம் ஆறிய கஞ்சி மாதிரி ஆகிவிடும், மூலைக்கு ஓடாது, எத்தனை சூடாக்கினாலும் தெளியாது. பிறகு அந்தச் சட்டி முழுவதும் நங்கூரக்கல்லுக்குத்தான் ஆகும். நல்ல எடைக்கட்டியிலும் கொஞ்சம் ஆன்டிமனி உண்டு. அதனால் அது தூண்டில் குண்டுக்கு மட்டும். தகடு சுருட்ட உங்கள் பழைய வலை ஈயமே மேல். நகக்கீறலுக்கு இடம் கொடுக்காத எந்த ஈயத்தையும் வலைக் குவியலில் கலக்காதீர்கள்.


செவிலி_ஏர்வாடி:

எல்லோரும் தெறிப்பைப் பற்றியே எழுதுகிறீர்கள். தெறிப்பு கண்ணுக்குத் தெரியும், கையைச் சுடும். உடம்பில் சேர்கிற ஈயம் தெரியாது. ரத்தத்தில் இந்த அளவு வரை ஈயம் இருந்தால் பாதிப்பில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியையே தொடும், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் போகும். அடுப்புப் பக்கம் குழந்தையும் கர்ப்பிணியும் வரவே கூடாது.

வார்ப்பவரின் உடம்புக்கு ஈயம் போகிற பெரிய வழி கையும் வாயும். ஈயம் தொட்ட கையால் பீடி, வெற்றிலை, டீ டம்ளர், முறுக்கு. துளை பிளந்த சிறு குண்டைப் பல்லால் கடித்துத் தூண்டில் நரம்பில் (நைலான் இழையில்) இறுக்குகிற பழக்கம் கரையெங்கும் இருக்கிறது, அதை இன்றைக்கே விடுங்கள். குறடு எதற்கு இருக்கிறது? ஈயத்தைக் கொறிக்கிற பிள்ளையைப் பார்த்துத் திட்டுகிறவர்கள், அப்பா செய்வதைப் பார்த்துத்தான் அது கற்றது என்பதை மறந்துவிடுகிறார்கள். மீன் பெட்டியில் ஈயத்தைப் போட்டு வைக்காதீர்கள்.

துணி முகக்கவசம் ஈயப்புகையைத் தடுக்காது. திறந்த வெளியில், காற்று முதுகில் பட நின்று, சூட்டை ஏற்றாமல் செய்வதுதான் பாதுகாப்பு. காற்று எழும்பாத காலையில் வையுங்கள். கச்சான் காற்று அடிக்கிற நாளில் உங்கள் கசடு அடுத்த வீட்டுத் திண்ணையில் போய்ப் படியும். ஓலைக் கொட்டகைக்குள்ளும், வலை குவித்த இடத்திலும், மண்ணெண்ணெய் இருக்கும் இடத்திலும் அடுப்பு கூடாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, கண்ணாடி, தோல் செருப்பில்லை, தோல் ஷூ. பேண்ட் ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் ஈயம் வழிந்து கணுக்காலில் தங்கும். நைலான் துணி உருகித் தோலோடு ஒட்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், உடுத்தியதைத் தனியாக அலசுங்கள். அடிக்கடி வார்ப்பவர்கள் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றுவலி, மலச்சிக்கல், அசதி, கை நடுக்கம் என்று வரும்போது ஈயம் தொடுகிற வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்களுக்கு அந்த எண்ணமே வராது.


வடகடல்காரன், தங்கச்சிமடம்:

எல்லோருக்கும் நன்றி. சட்டியை மாற்றி, ஈயத்தை அலசி, குளிர்ந்த சட்டியிலிருந்தே ஏற்றினேன், தெறிப்பு இல்லை. 11 கிலோவில் கட்டியாக நின்றது 10 கிலோ 200. வலைக்குத் தகடுதான் செய்யப்போகிறேன், விளிம்பை அரத்தால் தேய்த்துத்தான் சுருட்டுவேன். செவிலி அக்கா எழுதியதைப் படித்ததிலிருந்து, ஈயத்துக்குப் பதில் சிமெண்ட் உருளையோ இரும்புத் துண்டோ போட்டால் என்ன என்று யோசிக்கிறேன். தூண்டில் குண்டுக்குக் காது வைக்க என்ன கம்பி?


கீழக்கரை_தூண்டில்:

தம்பி, மாற்றுப் பொருளுக்குக் கணக்கு தண்ணீருக்குள் பார்க்க வேண்டும். கடல் தண்ணீரில் 100 கிராம் ஈயம் 91 கிராமாக இழுக்கும், இரும்பு 87, கருங்கல் 61, சிமெண்ட் 55. உங்கள் 50 கிராம் ஈயம் செய்கிற வேலையைச் செய்ய இரும்பு 52 கிராம் போதும். சிமெண்டானால் 82 கிராம் வேண்டும், அதன் பருமனோ எட்டு மடங்கு. அத்தனை பெரிய உருளை அடிக்கயிற்றில் வரிசையாக நின்றால் வலை மடிக்கும்போது கண்ணெல்லாம் அதில் மாட்டும். ஆகவே வலையின் இரண்டு முனைக் கல்லுக்கும் நங்கூரத்துக்கும் சிமெண்ட் நல்லது, அங்கே ஈயத்தை வீணாக்கவே வேண்டாம். இரும்பு எடையில் சரி, ஆனால் துரு நைலானில் ஏறிக் கயிற்றைச் சொரசொரப்பாக்கும்.

தூண்டில் குண்டுக்கு 2 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 304 என்று கேளுங்கள். பித்தளையும் ஆகும். துத்தநாகம் பூசிய கட்டுக்கம்பி ஒரு பருவம் தாங்காது. கம்பியை மடித்துக் காது போட்டு, ஈயத்துக்குள் போகும் இரண்டு வாலையும் வெளிப்பக்கம் கொக்கியாக வளைத்துவிடுங்கள். நேராக விட்டால் பாரில் மாட்டி இழுக்கும்போது காது மட்டும் கைக்கு வரும். அச்சில் வைக்கும் முன் கம்பியைச் சூடுகாட்டுங்கள். குளிர்ந்த கம்பியைச் சுற்றி ஈயம் ஒட்டாமல் இடுக்கு விட்டுவிடும்.

புது வடிவம் செய்ய மெழுகில் மாதிரி பிடித்து எடை போடுங்கள். மெழுகுவர்த்தி மெழுகு 8 கிராம் இருந்தால் அதே உரு ஈயத்தில் 100 கிராம் வரும். 250 கிராம் குண்டு வேண்டுமானால் மாதிரி 20 கிராம். பார் ஓரத்துக்கு நீண்டு மெலிந்த, மூலையில்லாத உரு. மணல் தரையில் நீவாட்டுக்கு உருளாமல் நிற்க நாலு பட்டைக் கூம்பு.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிய பார் தேசியப் பூங்கா, அதற்குள் தூண்டில் வேண்டாம். வெளியே உள்ள பாரிலும் குண்டை மெயின் நரம்பில் நேராகக் கட்டாதீர்கள். குண்டுக்குப் போகும் ஒரு முழத்தை மெயினில் பாதி அளவுள்ள மெல்லிய நரம்பில் கட்டுங்கள். மாட்டினால் அந்த ஒரு முழம் அறும், களவாய் மீனும் கொக்கியும் மேலே வரும், நூறு மீட்டர் நரம்பு பாரில் சுற்றிக் கிடக்காது. அந்த முடிச்சை ஒவ்வொரு நாளும் நகத்தால் வருடிப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அங்கேயே வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.